வீமன் பாதை பார்க்கக் கூடாது

கனடாவில் நான் இருக்கும் தெருவில், எதிர்வீட்டு நாய் பிக்கப் வாகனத்தின் முன்சீற்றில் பட்டி போட்டுக்கொண்டுதான் போகும். தினமும் காலையில் போகும். எங்கே போகிறது என்று கேட்கிறீர்களா? நாய்களைப் பகலில் பார்த்துக்கொள்ளும் ஓர் இடம் இருக்கிறது. எசமானி வேலைக்குப் போய் வரும்வரை அங்கே இருந்து மற்ற நாய்களோடு விளையாடுமாம். பனிக்காலத்தில் நாலு காலுக்கும் சப்பாத்து. நான் அதே நேரத்தில் பஸ் தரிப்பிடத்தில் மூக்கு விறைத்துப்போய் நிற்பேன். அது கண்ணாடிக்குள் இருந்து என்னை ஒரு பார்வை பார்க்கும் பாருங்கள், காணி வாங்க வந்த ஆள் வளவைப் பார்க்கிற பார்வை.

ஒருநாள் எதிர்வீட்டு அம்மா என்னிடம், உங்கள் நாட்டில் நாய் வளர்த்தீர்களா என்று விசாரித்தா. வளர்த்தோம் என்றேன். என்ன இனம் என்றா. நாய் என்றேன். எனக்கு இங்கிலீசு விளங்கவில்லை என்று நினைத்து, அதே கேள்வியை இன்னும் மெதுவாக, சொல் சொல்லாகப் பிரித்துக் கேட்டா. நானும் மெதுவாக, நாய், என்றேன். அதன்பிறகு அவா என்னைக் கண்டால் கை மட்டும் காட்டுவா. வன்னியில், எங்கள் ஊர் அக்கராயனில், எங்கள் வீட்டு நாய்க்கு இனம் இருக்கவில்லை. படலை இருந்தது. அந்தப் படலைக்கு உள்ளே இருப்பது அதன் ஆட்கள், வெளியே நிற்பவர்கள் கடிபட வேண்டியவர்கள். அதற்கு அவ்வளவும் காணும்.

போன ஓகஸ்ட் லீவில் நான் அக்கராயனுக்குப் போனேன். காரணம் என் தங்கச்சி சுகந்தி. அவளுடைய மனுசன் சில வருடங்களுக்கு முன்பே கனடாவுக்கு வந்துவிட்டவர். இப்போது அவளுக்கும் மகள் துளசிக்கும் விசா கிடைத்துவிட்டது. துளசிக்கு ஐந்து வயது. அப்பா என்றால் ரெலிபோனுக்குள் இருக்கும் ஒரு முகம் அவளுக்கு. வீட்டை ஒழுங்குபடுத்திப் பூட்ட உதவிக்கு வாங்கோ அக்கா என்று சுகந்தி கேட்டாள். என் மனுசனுக்கு லீவு இல்லையாம். அவருக்கு ஊர் என்று வரும்போது மட்டும் லீவு இருப்பதில்லை. நான் ஆறு வயதும் நாலு வயதுமான என் இரண்டு பெடியளையும் இழுத்துக்கொண்டு போனேன்.

இழுத்துக்கொண்டு போனது பெடியளை மட்டுமல்ல, அவர்களுடைய இரண்டு கார் சீற்றுகளையும். கனடாவில் பிள்ளையை அதில் இருத்தி, குறுக்கும் நெடுக்கும் பட்டி போட்டுத்தான் வாகனத்தை எடுக்கலாம். எடுப்புக் காட்டுகிறாள் என்பீர்கள். சொல்லுங்கள். தாயும் தகப்பனும் மூன்று பிள்ளைகளும் ஒரு மோட்டார் சைக்கிளில், நடுவில் ஒரு மா மூட்டையோடு போகிற றோட்டில், நான் இரண்டு பிளாஸ்டிக் சிம்மாசனங்களோடு வந்து இறங்கினேன். எங்கள் ஆட்கள் வெளிநாட்டிலிருந்து போகும்போது மூளையை விமானநிலையத்திலேயே பாரம் கூடிப்போச்சென்று கழற்றி வைத்துவிட்டுப் போகிறார்கள் என்று நான் முன்பே பலதரம் பலரைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன். என்னைப் பற்றியும் இப்போது சொல்லிக்கொள்கிறேன்.

வீட்டில் அலுமாரி ஒருவருக்கு, கதிரைகள் ஒருவருக்கு, கோழிகள் ஒருவருக்கு என்று எல்லாம் போய்ச் சேர்ந்தன. மிஞ்சியது இரண்டு நாய்கள். மண்ணிற வீமன், நெற்றியில் வெள்ளை விழுந்த சுட்டி. குட்டி என்றால் ஆட்கள் கேட்டு வருவார்கள். வளர்ந்த நாயை ஒருவரும் சீண்டமாட்டார்கள். கடைசியில் தண்ணீரூற்று என்ற ஊரில் இருக்கும் சுகந்தியின் மச்சாள், மனுசனின் தமக்கை, சம்மதித்தா. அன்பாலே என்று நினைக்காதீர்கள். அவாவின் கச்சான் கடலைத் தோட்டத்தைக் காட்டுப்பன்றி கிண்டுகிறது.

விடியக் குணம் என்பவன் பிக்கப்பைக் கொண்டுவந்தான். சின்ன வயதில் தாய் தகப்பனோடு மலைநாட்டிலிருந்து வன்னிக்கு வந்தவன், இப்போது வாடகைக்கு ஓடுகிறான். நான் பின்சீற்றில் கார் சீற்றுகளைப் பூட்டி, பெடியளை இறுக்கிக் கட்டி, நாய்கள் இரண்டையும் பின்பெட்டியில் ஏற்றச் சொல்லிவிட்டு நிமிர்ந்தேன். சுகந்தி குசினிக்குள்ளிருந்து ஒரு வெள்ளைத் தறப்பாள் விரிப்போடு வந்தாள்.

"உது என்னத்துக்கு?"

"மூடிக் கொண்டுபோக. வீமன் பாதை பாக்கக் கூடாது அக்கா. பாத்தா திரும்பி வந்திடும்."

நாயையும் பூனையையும் கொண்டுபோய் விடுவதானால் சாக்கால் மூடிக் கொண்டுபோக வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். எனக்கும் தெரியும். ஆனால் நான் இப்போது நாய் முன்சீற்றில் போகிற நாட்டுக்காரி அல்லவா? வாய் சும்மா இருக்குமா?

"விசரே உனக்கு? தண்ணீரூற்று எங்கை, அக்கராயன் எங்கை? நாய் என்ன வரைபடம் வைச்சோ வரப்போகுது? வெயிலுக்கை மூடினா அவிஞ்சு செத்துப்போம். கனடாவிலை எண்டா உன்னைப் பிடிச்சு உள்ளுக்குப் போட்டிடுவாங்கள்."

"கனடா கனடா எண்டு கத்தாதேங்கோ. இன்னும் நான் அங்கை வரேல்லை." அவளுக்குக் குரல் உடைந்துவிட்டது. "வந்திட்டுதெண்டா ஆரக்கா இருக்கிறது? பூட்டின படலையிலை வந்து கிடந்தா ஆர் சோறு வைக்கிறது? அது எங்களைப் பாத்துப் பாத்துச் சாகிறதே?"

நான் தறப்பாளின் ஒரு முனையைப் பிடித்தேன். எங்கள் இருவருக்கும் ஒரே நாய்தான் ஞாபகத்துக்கு வந்திருக்க வேண்டும். சண்டைக்குள் இடம்பெயர்ந்த நேரம் எங்கள் உழவு இயந்திரத்தின் பின்னால் குளக்கட்டுவரை ஓடிவந்து, அங்கேயே நின்று, பிறகு வீட்டுப் பக்கம் திரும்பிப்போன நாய். வளவைப் பார்க்க ஆள் வேண்டும் என்று அது நினைத்திருக்கும். செட்டிகுளத்து அகதி முகாமில் தறப்பாளுக்குக் கீழே படுத்துக்கொண்டு, அது இப்ப என்ன தின்னும் அக்கா என்று சுகந்தி என்னைக் கேட்டுக்கொண்டே இருப்பாள். அப்போது அவள் சின்னப்பிள்ளை. நாங்கள் திரும்பி வந்தபோது நாயும் இல்லை, படலையும் இல்லை.

அந்தக் காலத்துத் தறப்பாளைத்தான் இவள் இன்னும் மடித்து வைத்திருக்கிறாள். எனக்கு அதைக் கண்ணிலும் காட்டக் கூடாது. "கிழியேல்லை, என்னத்துக்கு எறியிறது" என்றாள். அதைக் கயிறு போட்டு இழுத்துக் கட்டினோம். பக்கங்கள் மூடி, காற்றுக்குப் பின்னால் மட்டும் கொஞ்சம் தூக்கிவிட்டிருந்தது. துளசி ஒருவரையும் கேட்கவில்லை. நாய்களோடு உள்ளே ஏறி, சுட்டியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு இருந்துவிட்டாள். சுகந்தியும் அவளோடு ஏறினாள். நான் முன்னால் குணத்துக்குப் பக்கத்தில். பின்சீற்றில் என் பெடியள், தங்களையும் நாய்களோடு விடச்சொல்லி முறிகண்டிவரை ஒரே ஒப்பாரி.

முறிகண்டிப் பிள்ளையாரைத் தாண்டி ஒரு வாகனமும் நிற்காமல் போகாது. குணம் இறங்கித் தேங்காய் உடைக்கப் போனான். கச்சான் விற்கிற அம்மா ஒருவர் யன்னலடிக்கு வந்து என் சின்னவனைப் பார்த்தா. முகம் அப்படியே மாறிவிட்டது.

"பிள்ளைக்கு இடுப்பு ஏலாதோ தங்கச்சி?"

"இல்லையம்மா, சுகமாத்தான் இருக்கிறான். இது அங்கத்தைச் சட்டம்."

"ஓம் ஓம்" என்றா, சொல்ல விரும்பாத தாயிடம் தோண்டிக் கேட்கக் கூடாது என்ற பண்போடு. மூத்தவனையும் எட்டிப் பார்த்தா. "ரெண்டு பேருக்குமே? ஐயோ கடவுளே. ஒரு தேங்காய் நேர்ந்து உடையுங்கோ. எழுப்பி நடக்க விடுவார்."

பட்டி கட்டிய கதிரையில் பிள்ளை இருப்பதென்றால் என்ன அர்த்தம் என்று சண்டைக்குப் பிறகு வன்னியில் ஒருவருக்கும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. நான் சட்டத்தை விளங்கப்படுத்தப் பார்த்தேன். அவா தலையாட்டிக்கொண்டே இருந்தா. போதாக்குறைக்கு மூத்தவன் மூத்திரம் வருகிறது என்று கத்த, நான் இரண்டு பேரின் பட்டியையும் கழற்றினேன். கழற்றியதுதான் தாமதம், இரண்டும் குதித்து இறங்கி நாய்களிடம் பறந்தன. அந்த நேரம் பார்த்துக் குணமும் தேங்காயை உடைத்தான். அந்த அம்மா இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கிக் கும்பிட்டா. "பாத்தியளே பிள்ளையாற்றை புதுமையை!" சுகந்தி தறப்பாளுக்குள் இருந்து வயிறு பிடித்துச் சிரித்தாள். விடிந்ததிலிருந்து அவள் சிரித்தது அப்போதுதான்.

பெடியளைத் திரும்பச் சீற்றில் கட்ட என்னால் முடியவில்லை. மாங்குளம் தாண்டியும் மெதுவாகத்தான் போவேன் என்று குணம் சத்தியம் பண்ணினான். எல்லாரும் பின்னால் ஏறினோம், நானும்தான். கனடாவிலிருந்து விமானமேறி வந்த சிம்மாசனங்கள் முன்னால் வெறுமையாகப் பயணம் செய்தன. நான் வெறுக்கிற தறப்பாளுக்குக் கீழே, நாய் மணத்துக்குள்ளே, கச்சான் கோதுகளுக்கு நடுவே இருந்தேன். வீமன் நாக்கைத் தொங்கப்போட்டு என் மடியெல்லாம் வீணி வடித்தது. வெளியே ஒட்டுசுட்டானோ வேறு ஊரோ போய்க்கொண்டிருந்தது. எங்களுக்குத் தெரிந்தது ஒரு முழம் தார் றோட்டும் தூசியும்தான்.

"பெரியம்மா, எங்களைக் கனடாவுக்குக் கொண்டுபோகேக்கையும் இப்பிடி மூடியோ கொண்டுபோவினம்?" என்று துளசி கேட்டாள்.

"விசர்ப்பிள்ளை. பிளேனிலை யன்னல் இருக்கு."

"அப்ப நான் பாதை பாக்கலாமோ?"

"வடிவாப் பாக்கலாம்" என்றேன். மேலே முகில் மட்டும்தான் தெரியும் என்று சொல்லவில்லை.

தண்ணீரூற்றில் மச்சாள் படலையில் நின்றா. தறப்பாளுக்குள் தலையை விட்டு, சந்தையில் மாடு பார்ப்பதுபோல நாய்களின் வாயைத் திறந்து பார்த்தா. "கறி சோறு போட்டுக் கெடுத்து வைச்சிருக்கிறாய். உது பண்டியைக் கலைக்குமோ, பண்டி உதைக் கலைக்குமோ?" என்றா. வாயில் வந்த நல்ல பதிலொன்றைத் தங்கச்சிக்காக விழுங்கினேன். என் வாழ்க்கையில் விழுங்கியவை குறைவு என்பதால் அது இன்னும் தொண்டையில் நிற்கிறது.

சுகந்தி தறப்பாளை வீட்டுப் பின்பக்கம் போனபிறகுதான் அவிழ்க்க விட்டாள். நாய்களைப் பலாமரத்தில் கட்டினாள். கொண்டுவந்த சோற்றைத் தானே வைக்கவில்லை, மச்சாளின் கையில் கொடுத்தாள். "இனி நீங்கள்தான் வைக்கவேணும். உங்கடை கை மணம் பிடிக்கட்டும்." துளசி சுட்டியின் காதுக்குள் ஏதோ சொல்லக் குனிந்தாள். சுகந்தி அவளை வெடுக்கென்று இழுத்தாள்.

"போயிட்டு வாறன் எண்டு சொல்லாதை!"

"வேறை என்னம்மா சொல்றது?"

எங்களிடம் வேறு என்ன இருக்கிறது? செத்த வீட்டைத் தவிர வேறெங்கிருந்தும் சொல்லாமல் புறப்பட்டுப் பழக்கமில்லை. போகிறேன் என்று சொன்னால் அபசகுனம், வருகிறேன் என்றால் பொய். அந்தப் பிள்ளை ஒன்றும் சொல்லாமல் எழும்பியது. சுகந்தி திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். வீமன் குரைக்கவில்லை. சோற்றில் வாயும் வைக்கவில்லை. எனக்குக் கோபம் கோபமாக வந்தது. யார்மேல் கோபம் என்றுதான் தெரியவில்லை. விசா தந்தவன் மேலேயா, தராமல் இழுத்தடித்தவன் மேலேயா, பன்றி மேலேயா?

திரும்பும்போது பெடியள் சோர்ந்து, தாங்களாகவே கார் சீற்றில் ஏறி நித்திரையாகிவிட்டார்கள். சுகந்தி குணத்துக்குப் பக்கத்தில், சீலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு இருந்தாள். துளசி உள்ளே வரமாட்டேன் என்று நின்றாள். தறப்பாளைக் கழற்றி மடித்துப் போட்டாயிற்று. நான் அவளோடு வெறும் பின்பெட்டியில் ஏறினேன். அவள் வாகனம் போகும் திசைக்கு முதுகைக் காட்டி, பின்கதவைப் பிடித்துக்கொண்டு முழங்காலில் நின்றாள்.

"பச்சைக் கடை" என்றாள். கொஞ்சம் கழித்து, "மொட்டைப் பனை." பிறகு, "பாலம். இதிலை தண்ணி இல்லை."

"என்னடி பிள்ளை செய்யிறாய்?"

"பாதை பாக்கிறன் பெரியம்மா. வீமன் பாக்கேல்லைத்தானே. நான்தான் வந்து கூட்டிக்கொண்டு போகவேணும்."

எனக்குச் சிரிப்பு வரும் என்று நினைத்தேன். வரவில்லை. அவள் என் பக்கம் திரும்பினாள்.

"பெரியம்மா, உங்களைக் கனடாவுக்கு மூடியோ கொண்டுபோனவை?"

"இல்லையடி குஞ்சு. கண்ணைத் திறந்துகொண்டுதான் போனனான்."

"பாதை பாத்தனீங்களோ?"

"ஓம், பாத்தனான்."

அவள் யோசித்தாள். எங்கேயோ கணக்குப் பிழைக்கிறது என்று அந்த முகத்தில் தெரிந்தது.

"அப்ப ஏன் நீங்கள் திரும்பி வரேல்லை?"

"இப்ப வந்து நிக்கிறன்தானே?"

"இது வாறதில்லை. நீங்கள் போறதுக்கும் ரிக்கற் வைச்சிருக்கிறீங்கள்."

அவள் என் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. ஒரு வளைவு வந்தது, அதைப் பார்க்க வேண்டியிருந்தது. "கோயில்" என்றாள். நானும் அவளுக்குப் பக்கத்தில் முழங்காலில் நின்று பின்கதவைப் பிடித்துக்கொண்டேன். "அங்கை, ரெண்டு வேலிக்கு நடுவிலை ஒரு கிணறு" என்று நான் சொல்ல, "ஓம், கிணறு" என்று அவள் வைத்துக்கொண்டாள். மாங்குளம்வரை இருவரும் தண்ணீரூற்றையே பார்த்துக்கொண்டு வந்தோம். பிக்கப் எங்களை மற்றப் பக்கம் கொண்டுபோய்க்கொண்டிருந்தது.