திரும்பி வரமாட்டேன் என்று எழுதிக் கொடுத்தால்

மூன்று மாதத்துக்கு ஒருமுறை எங்கள் வீட்டுத் தபால் பெட்டிக்குள் ஒரு வெள்ளைக்காரத் தாத்தாவும் பாட்டியும் பாய்மரப் படகில் வந்து இறங்குவார்கள். இருவருக்கும் தலை பஞ்சாய் வெளுத்திருக்கும், ஆனால் பல் ஒன்றுகூடக் குறைந்திருக்காது. தாத்தா தூரத்தில் எதையோ சுட்டிக் காட்டுவார். பாட்டி அதைப் பார்க்காமல் தாத்தாவையே பார்த்துச் சிரிப்பார். கனடாவுக்கு வந்த புதிதில் இவர்கள் யாரென்றே எனக்கு விளங்கவில்லை. நான் வேலை செய்த பீட்சா தொழிற்சாலையில் எங்கள் ஓய்வுகாலச் சேமிப்பைப் பார்த்துக்கொள்ளும் கம்பெனி அனுப்புகிற கணக்கு விபரத்தின் அட்டைப்படம் அது என்று பிறகுதான் தெரிந்தது. வேலையை விட்ட பிறகு மனிதர்கள் இப்படிச் சிரிக்கலாம் என்பதே எனக்குப் புதுச் செய்தி. இலங்கையில், எங்கள் உக்குவளையில் வேலை ஓய்ந்த ஒருவர் காரணமில்லாமல் இவ்வளவு சிரித்தால், வீட்டில் உள்ளவர்கள் அவரை மாத்தளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள்.

அந்தக் கம்பெனியின் ஆள் பிரையன். வருஷத்துக்கு ஒருமுறை மதியச் சாப்பாட்டு நேரத்தில் பெட்டி பெட்டியாக டோனட்டோடு வருவார். “இது எங்கள் செலவு!” என்று சொல்லி நீட்டுவார். நாங்களும் நன்றியோடு தின்றோம். என் மனைவி வசந்தி சுப்பர்மார்க்கெட்டில் காசாளர். எறும்பு ஊர்ந்தது போன்ற எழுத்தையும் விடாமல் வாசிப்பவள். ஒருநாள் அந்தக் கணக்கு விபரத்தின் கடைசிப் பக்கத்தை ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பிடித்துப் பார்த்துவிட்டு, “அவரு செலவு இல்லைங்க, நம்ம செலவுதான். அந்த டோனட்டை நீங்க காசு குடுத்துத்தான் சாப்பிட்டிருக்கீங்க” என்றாள். அடுத்த முறை பிரையனிடம் கேட்டேன். “கட்டணம் எதுவும் உங்கள் கணக்கிலிருந்து எடுக்கப்படுவதில்லை” என்றார் பெருமையாக. “அப்படியானால் எங்கிருந்து எடுக்கிறீர்கள்?” என்றேன். “உங்கள் கணக்குக்கு வந்து சேரும் முன்பே எடுத்துவிடுவோம்” என்றார், அது ஏதோ எனக்குச் செய்யும் உபகாரம் போல.

எனக்கு சீகிரியா ஹோட்டலின் சமையலறை நினைவுக்கு வந்தது. வெளிநாடு வருவதற்கு முன் பல வருஷம் நான் அங்கே பரிசாரகனாக இருந்தேன். தலைமைச் சமையல்காரர் ஊழியர்களுக்கென்று வரும் பாலில் முதலில் தன் கோப்பையை நிரப்பிக்கொள்வார். மீதிக்குத் தண்ணீர் ஊற்றி எங்களுக்குத் தேநீர் போட்டுவிட்டு, “ஒங்க தேத்தண்ணிய நான் ஒரு சொட்டாவது தொட்டேனா?” என்று கேட்பார். தொட்டதில்லைதான். பிடிக்காவிட்டால் வெளியே கடையில் போய்க் குடிக்கவாவது அங்கே வழி இருந்தது. இங்கே அதுவும் இல்லை. கம்பெனியைத் தெரிவு செய்தது முதலாளி. நாங்கள் தெரிவு செய்யக்கூடியது டோனட்டின் நிறத்தை மட்டும்தான்.

இதையெல்லாம் சிரித்துக்கொண்டே தாங்கியிருப்பேன். ஆனால் போர் கடைசிக் கட்டத்தை நெருங்கிக்கொண்டிருந்த அந்த வருஷம் சரோஜா அக்காவிடமிருந்து போன் வந்தது. அக்கா எனக்கு எட்டு வயது மூத்தவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மாத்தளை வீதியில் சுற்றுலாக்காரர்களுக்கு ஏலமும் கறுவாவும் காட்டி விற்கும் ஒரு வாசனைத் தோட்டத்தில் பொதி கட்டும் வேலை. தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், நாங்கள் பிறந்த லயத்து அறையில்தான் அப்போதும் இருந்தாள். அது அந்தத் தேயிலைத் தோட்டத்துக்குச் சொந்தமானது. அப்பா அந்தத் தோட்டத்தில் ஆயுள் முழுக்க உழைத்தார். ஆனாலும் சுவரில் ஓர் ஆணி அடிப்பதென்றால் யாரிடமாவது கேட்க வேண்டியிருந்தது. கலவர வருஷத்தில் எங்களைத் தன் வீட்டுக்குள் ஒளித்து வைத்திருந்த சிங்களப் பெரியவரின் மகன், உக்குவளை ரயில் பாதைக்கு மேலே பத்துப் பேர்ச் காணியை, ஒரு சின்ன வீடு கட்டப் போதுமான துண்டை, விற்கிறாராம். “வேற யாருக்கும் குடுக்காம நமக்காக வச்சிருக்காருடா. ஆனா தை பொறந்த பொறகு வைக்க முடியாதுங்குறாரு. நமக்குன்னு ஒரு மண்ணு, செல்வம்” என்றாள். அக்கா என்னிடம் எதையும் கேட்டவள் அல்ல. அதனால்தான் மறுக்க முடியவில்லை.

வீட்டுக் கடனும் பிள்ளைகளின் செலவும் போக எங்கள் கையில் மிஞ்சியது ஒன்றுமில்லை. இருந்ததெல்லாம் படகுத் தாத்தாவிடம். பிரையனைக் கூப்பிட்டு, “என் அக்காவுக்கு நிலம் வாங்க என் பணம் வேண்டும்” என்றேன்.

“நீங்கள் கனடாவை விட்டுப் போகிறீர்களா?”

“இல்லை, அக்கா கனடாவுக்கு வரவில்லை. நிலம் இலங்கையில்.”

“வாழ்த்துகள்! எப்போது குடிபோகிறீர்கள்?”

“நான் போகவில்லை. அக்கா போகிறாள்.”

“அக்கா எங்கே போகிறார்?”

“எங்கேயும் போகவில்லை. அங்கேதான் இருக்கிறாள்.”

பிரையன் அக்காவை விட்டுவிட்டுச் சட்டத்துக்கு வந்தார். பிறகு பொறுமையாக விளக்கினார். வேலையில் இருக்கும்வரை பணத்தைத் தொட முடியாது. வேலையை விட்டாலும் பூட்டுப் போட்ட வேறொரு கணக்குக்குத்தான் போகும், அதற்கும் ஒரு கட்டணம் உண்டு. கனடாவை விட்டு நிரந்தரமாக வெளியேறி, வெளியேயே சில காலம் வாழ்ந்து காட்டினால் பூட்டைத் திறப்பார்கள். “சேரும்போது இதைச் சொல்லவில்லையே” என்றேன். “சேரும்போது யாரும் கேட்பதில்லையே” என்றார். கெட்ட மனிதர் அல்ல. அவருக்கும் டோனட் யாரோ கொடுத்தனுப்புவதுதான்.

அப்போதுதான் எனக்கு இலங்கையிலும் பணம் இருப்பது நினைவுக்கு வந்தது. ஹோட்டலில் வேலை செய்த வருஷங்களுக்கான ஊழியர் சேமலாப நிதி. சோதனைச் சாவடிகளும் சுற்றிவளைப்புகளும் நிறைந்த ஒரு வருஷத்தில் அவசரமாகக் கிளம்பியவன், அதை எடுக்காமலே வந்துவிட்டேன். விசாரித்துப் பார்த்தால் அங்கேயும் அதே கதை. ஐம்பத்தைந்து வயதாக வேண்டும், இல்லாவிட்டால் திரும்பி வரும் எண்ணமின்றி நாட்டை விட்டு நிரந்தரமாகப் போய்விட்டதாகக் காட்ட வேண்டும். கனடாக்காரர், இங்கே இருக்கமாட்டேன் என்றால் தருகிறோம் என்கிறார்கள். இலங்கைக்காரர், இங்கே வரமாட்டேன் என்றால் தருகிறோம் என்கிறார்கள். நான் நடுவில் அத்திலாந்திக் கடலில்தான் குடியிருக்க வேண்டும். படகு இருந்தால் வசதிதான்.

சரி, போய்விட்டவன்தானே நான், அதில் என்ன பொய் என்று நினைத்து என் சார்பில் அந்த நிதியை எடுக்க அக்காவுக்கு அதிகாரப் பத்திரம் எழுதி அனுப்பினேன். அடுத்த சனிக்கிழமை போன் செய்தால் அக்காவின் குரலில் உற்சாகம். “போய்ட்டு வந்தேன்டா. அந்த ஆபீசுல இருக்குற நோனா, சிங்கள அம்மா, ரொம்ப நல்லவங்க. ஒக்காரச் சொன்னாங்க. தம்பி இனிமே திரும்பி வரவே மாட்டாரான்னு சிங்களத்துல கேட்டாங்க. ஏன் வரமாட்டான், வாற மாசித் தேருக்கு வர்றேன்னு சொல்லியிருக்கான், அவனுக்கு ஒரு ரூம்போட வீடு கட்டத்தானே இந்தக் காசேன்னு சொன்னேன்.”

“ஐயோ அக்கா! வரமாட்டான்னு சொன்னாத்தானே காசு குடுப்பாங்க!”

“அத எப்படிடா என் வாயால சொல்லுவேன்? வெள்ளிக்கிழமை வேற.”

வசந்தி பக்கத்து அறையில் தலையணையில் முகம் புதைத்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். நான் சிரிக்கவில்லை. தை நெருங்கிக்கொண்டிருந்தது. ஒரு வழக்கறிஞரிடம் போய், இலங்கையை விட்டு நிரந்தரமாக வெளியேறிவிட்டேன், திரும்பிச் சென்று வாழும் எண்ணம் எனக்கில்லை என்று சத்தியக் கடிதம் எழுதி வாங்கினேன். வாசிக்கும்போது யாரோ ஒருவரைப் பற்றியது போல இருந்தது. கையெழுத்துப் போடும் இடத்தில் பேனா எழுதவில்லை. வழக்கறிஞர் வேறு பேனா கொடுத்தார். அது நன்றாகவே எழுதியது. வீட்டுக்கு வந்து அன்று சாப்பிடாமலே போய்ப் படுத்துக்கொண்டேன். “வயிறு சரியில்லையா?” என்று வசந்தி கேட்டாள். ஆமென்று சொல்லிவிட்டேன்.

அதற்குப் பிறகு நடந்ததை அக்கா பாதியாகவும் தர்மலிங்கம் அண்ணன் மீதியாகவும் சொன்னார்கள். தர்மலிங்கம் அண்ணன் உக்குவளைச் சந்தியில் ஆட்டோ ஓட்டுபவர். மனைவியை இழந்து பல வருஷமாகிறது. அக்காவை அலுவலகத்துக்குக் கூட்டிப் போவதும், வழியில் சாவடியில் அடையாள அட்டை காட்டி இறக்கி ஏற்றுவதும், வெயிலில் காத்து நிற்பதும் அவர்தான். அன்று என் கடிதத்தை நோனா வாங்கி, அக்காவுக்கு விளங்கட்டும் என்று தனக்குத் தெரிந்த தமிழில் மெதுவாகச் சொல்லியிருக்கிறார்: “தம்பி போய்ட்டாரு. இனி வர்றது இல்ல.” அக்கா அங்கேயே ஓவென்று அழுதுவிட்டாள். வரிசையில் நின்றவர்கள் தம்பி செத்துப்போனான் என்று நினைத்து இரங்கத் தொடங்கினார்கள். ஒருவர் அடக்கம் எப்போது என்றுகூடக் கேட்டாராம். நோனா பதறி எழுந்து தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, “அழ வேணாம், அவரு கனடாவுல நல்லா இருக்காரு” என்று எல்லோருக்கும் கேட்கச் சொல்ல வேண்டியதாயிற்று.

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு கடிதத்தைத் திருப்பிக் கேட்டாள். “இது வேணாம் நோனா. அவன் காசு இங்கயே கெடக்கட்டும். அது இருந்தாலாவது வருவான்.” நோனா அதைக் கொடுத்துவிட்டு, அக்காவின் வேலையைப் பற்றி விசாரித்திருக்கிறார். அக்காவுக்கும் இத்தனை வருஷச் சேமலாப நிதி இருந்தது. ஆனால் பெண்களுக்கு ஐம்பது வயதாக வேண்டும். அக்காவுக்கு நாற்பத்தேழு. “கல்யாணம் பண்ணி வேலையை விட்டா மட்டும் முன்னாடியே எடுக்கலாம்” என்று நோனா விதியைச் சொன்னார். “நல்ல சட்டம்! நான் இந்த வயசுல மாப்பிள்ளைக்கு எங்க போவேன்?” என்று அக்கா கேட்டாள். அக்காவின் குடையைப் பிடித்தபடி வாசலில் நின்ற தர்மலிங்கம் அண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டு, “தூரமா போகத் தேவையில்ல. நான் இங்கதானே நிக்கிறேன்” என்றார்.

வரிசை முழுதும் திரும்பிப் பார்த்ததாம். துக்கம் விசாரித்தவரே முதலில் கை தட்டினாராம்.

அக்கா சம்மதித்துவிட்டாள் என்ற செய்தி வந்தபோது எனக்குப் பயம்தான் வந்தது. “அக்கா, காணிக்காக இப்படியா? காசுக்காக யாராவது கல்யாணம் பண்ணுவாங்களா?”

“காசுக்காகன்னா இன்னும் மூணு வருசம் பொறுத்திருக்க மாட்டேனா? இத்தன நாளா அவரு ஆட்டோவுக்கு என்கிட்ட அரை வாடகைதான்டா வாங்குறாரு. கூடக் குடுத்தாலும் வாங்க மாட்டேங்குறாரு. எதுக்குன்னு எனக்கும் தெரியும். கேக்கத்தான் ரெண்டு பேருக்கும் வாய் வரல.”

“வேலைய விடணுமே?”

“வெள்ளக்காரன் வந்தாத்தானே வேல. மாசக்கணக்கா ஈ ஓட்டுறோம். மொதலாளியே யார வீட்டுக்கு அனுப்பலாம்னு பாத்துக்கிட்டு இருக்காரு. நானா போறேன்னு சொன்னதும் மனுசன் அழாத கொறை.”

கடன் அட்டையில் டிக்கெட் வாங்கிப் பறந்தேன். கட்டுநாயக்கா விமான நிலையத்தில் என் கனேடியக் கடவுச்சீட்டைப் புரட்டிய அதிகாரி, “ஸ்ரீலங்காவுக்கு முதல் தடவையா?” என்று ஆங்கிலத்தில் கேட்டார். இல்லை, மாத்தளைக்காரன் என்று சிங்களத்தில் சொன்னேன். “அடடே, எங்கள் மொழியை நன்றாகப் பேசுகிறீர்களே!” என்று பாராட்டி, ஒரு மாதத்துக்கு முத்திரை குத்தினார். கல்யாணம் கோயிலில் எளிமையாக நடந்தது. நேற்றுவரை அண்ணன் என்று கூப்பிட்டவரை மச்சான் என்று கூப்பிடப் பழகுவதற்குள் எனக்கு நாக்குப் பலமுறை புரண்டது. அவரோ முதல் நாளிலிருந்தே என்னை அதட்டத் தொடங்கிவிட்டார். நோனா சேலை கட்டி, பரிசுப் பொட்டலத்தோடு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். தாலி கட்டியதும் அக்காவைவிட அவருக்குத்தான் அதிகம் கண் கலங்கியது. அக்காவின் நிதி கொஞ்சம் சுணங்கித்தான் வந்தது. காணிக்காரர் தை போய் மாசி வரைக்கும் பொறுத்தார். என்னுடைய இரண்டு நிதிகளும் இரண்டு நாடுகளிலும் பூட்டியபடியே கிடக்கின்றன.

நான் திரும்புவதற்கு முதல் நாள் அக்கா என்னைக் காணிக்குக் கூட்டிப் போனாள். கீழே ரயில் பாதை, மேலே மிளகுக்கொடி ஏறிய மரங்கள். வெறும் செம்மண்ணில் மேசன் சுண்ணாம்புத் தூளால் வீட்டின் கோடுகளைப் போட்டிருந்தார். இது குசினி, இது சாமி அறை, இது எங்களுக்கு என்று அக்கா ஒவ்வொரு கட்டமாகக் காட்டிக்கொண்டு போனாள். ஓரத்தில் ஒரு சின்னக் கட்டம். “இது ஒனக்கு.” ஒரு கட்டில் போட்டால் மிச்சமிருக்காது. நான் அதற்குள் போய் நின்று பார்த்தேன். கூரையில்லாத வானம், காற்று, எங்கோ ஒரு ரேடியோ. ஆட்டோ ஹாரனை அடித்து மச்சான் அவசரப்படுத்தினார். நான் குறுக்குவழியாகக் கோட்டைத் தாண்டக் காலைத் தூக்கினேன்.

“டேய், செவுத்து மேல மிதிக்காத! வாசல் அந்தப் பக்கம்!” என்று அக்கா கத்தினாள்.

ஒரு கால் வெள்ளைக் கோட்டுக்கு வெளியே போய்விட்டது. மற்றது இன்னும் அந்த அறைக்குள் இருந்தது. எதை எடுப்பது என்று தெரியாமல், இல்லாத சுவரின் இரு பக்கமும் கால் பரப்பி நான் அப்படியே நின்றுகொண்டிருந்தேன்.