வெங்கடம்மாளின் அரக்குப் பட்டு

எங்கள் வம்சத்தில் முதல் பி.ஏ. நான்தான். அந்தப் பட்டத்துக்குக் கிடைத்த முதல் வேலை, இரவல் காமிராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு பஞ்சத்தைப் படம் பிடிப்பது. மூன்றாம் வருஷமாக மழை இல்லை. உத்தனப்பள்ளியில் கஞ்சித்தொட்டி திறப்பதா வேண்டாமா என்பதை நிவாரண அதிகாரி என் படங்களைப் பார்த்துத்தான் முடிவு செய்வார். அந்த நினைப்பில் என் நடையே மாறியிருந்தது.

ஊரில் என் படத்துக்கு முதலில் வாய்த்தவள் வெங்கடம்மாள். ஆனேக்கல் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். கோலார் சுரங்கத்துக்குப் போன புருஷன் இருமலோடு திரும்பிச் செத்தபின், ராகிக்காட்டைத் தானே உழுதாள். மாட்டைத் தெலுங்கிலும் மாமியாரைக் கன்னடத்திலும் அதட்டுவாள். எனக்குத் தமிழ்.

"இருக்கிறபடியே நில்லுங்கம்மா, படம் எடுக்கணும்" என்றேன்.

"கந்தலோடவா? படம்னா கல்யாணத்துக்குப் புடிக்கிறது. பி.ஏ. படிச்சா கூறு போயிடுமா சாமி?"

பெண்கள் ஒவ்வொருத்தியாக வெங்கடம்மாள் வீட்டுக்குள் போய், தலை வாரி, பட்டுடுத்தி வெளியே வந்தார்கள். அவள் மட்டும் வரவில்லை. தாலி போனவளுக்குப் பட்டு எதற்கு என்றாள்.

"கொஞ்சம் சோகமாப் பாருங்க" என்று கெஞ்சினேன்.

"சாருக்கு வயித்துவலி போலக்கீது" என்றாள் பட்டுடுத்தி நின்ற செல்லி. எல்லோரும் சிரித்தார்கள். எல்லாரும் ஏன் ஒரே வீட்டுக்குள் போகிறார்கள் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. வெளிச்சத்தின் கோணம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஓசூரில் படம் கழுவிய குலாம் முகம்மது, "பஞ்சம் எங்க சார்? எல்லாம் பட்டுல நிக்குது" என்றார். வேலை போனது என்று உட்கார்ந்துவிட்டேன். ஈரப் படங்களைக் கொடியில் மாட்டிக்கொண்டே வந்தவர் நின்றார்.

"முந்தானையப் பாருங்க. எல்லாத்துலயும் அதே பொத்தல்."

விளக்குச் சுடர் பட்ட ஓட்டை. ஊருக்கே ஒரு சேலை, வெங்கடம்மாளின் அரக்குப் பட்டு. மறுநாள் அதிகாரியிடம் படம் படமாக அந்தப் பொத்தலில் விரல் வைத்துக் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். திறப்பு விழாவையும் படம் எடுத்துவரச் சொன்னார்.

கஞ்சித்தொட்டி திறந்த அன்று, மாலை மரியாதையை எதிர்பார்த்துப் போகும் மாப்பிள்ளை போலப் போனேன். கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்த வெங்கடம்மாள், "எப்படி சாமி குடுத்தாங்க?" என்றாள். பொத்தலைக் காட்டிய கதையைப் பெருமையாகச் சொன்னேன்.

அவள் கை நின்றது. "மறைக்கத்தான கட்டிக்கினோம்?"

"அதக் காட்டினதாலதான்மா கஞ்சி."

"கஞ்சி வேணும்தான். இல்லேங்கல. ஆனா எங்களக் கேட்டியா நீ?"

வரிசையில் சிரிப்பு நின்றுபோனது. செல்லி முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு முதுகைக் காட்டினாள். அடுத்தவளும் திரும்பினாள்.

"காமிராவக் கீழ வை. கரண்டியப் புடி. எனக்குக் கை நோவுது" என்றாள் வெங்கடம்மாள்.

உச்சி சாயும்வரை ஊற்றினேன். பாதி என் வேட்டியில் கொட்டியது. அதற்கு மட்டும் கொஞ்சம் சிரித்தார்கள்.

விழாப் படம் எங்கே என்று அதிகாரி கேட்டார். பிலிம் தீர்ந்துவிட்டது என்றேன். கரண்டி பிடித்தபோது வியர்த்ததைவிட அந்தப் பொய்க்கு அதிகம் வியர்த்தது.