குளம் என்று வரைந்ததற்குச் சிவப்பு மை

நான்காம் வகுப்புப் படிக்கும் பேத்தி பூமியைக் குறுக்கே வெட்டி வரைந்திருந்தாள். மேலோடு, கவசம், கருவம் மூன்றுக்கும் முழு மதிப்பெண். கருவத்துக்கு இன்னும் யாரும் பட்டா வாங்கவில்லை. அதனால் அதில் தகராறு இல்லை. அடுத்த பக்கத்தில் நம் ஊர் நிலத்தோற்றம். மலைக்கோட்டைப் பாறை சரி, சிறுமலை சரி, சமவெளி சரி. நீர்நிலை என்று எங்கள் வீட்டுக்குப் பின்னாலிருக்கும் குளத்துக்கு நீலம் தீட்டியிருந்தாள். அதன்மேல் சிவப்பு மையில் பெருக்கல் குறி. இரண்டு மதிப்பெண் போயிற்று.

"நான் பொய் எழுதிட்டேன்னு கிளாஸ்ல சிரிக்கிறாங்க தாத்தா. இனி போகமாட்டேன்" என்று உட்கார்ந்துவிட்டாள்.

நான் துணை வட்டாட்சியராக ஓய்வு பெற்றவன். கோபம் வந்தால் கத்தமாட்டேன். சான்றிட்ட நகல் வாங்குவேன். கிராமக் கணக்கில் அந்த இடம் 'குளம்' என்றே இருக்கிறது. நகலையும் பேத்தியின் நோட்டையும் எடுத்துக்கொண்டு பள்ளிக்குப் போனேன்.

ஆசிரியை தினமும் அந்த வழியாகத்தான் ஸ்கூட்டரில் வருகிறாராம். மண் கொட்டி நிரவி, கல்யாண மண்டபத்துக்காரர் வண்டி நிறுத்துமிடம் என்று பலகை வைத்திருக்கிறாராம். நகலைப் படித்துவிட்டுக் கேட்டார்: "அம்புட்டு மண்ணைக் கொட்டுனப்ப ஆபீஸ்ல இருந்து யாரும் வந்து பாக்கலையா சார்?"

அதற்கு முன்பே பார்த்தாயிற்று. பார்த்தவன் நான்.

குளத் தணிக்கைக்கு நாங்கள் சித்திரையில்தான் போவோம். ஐப்பசியில் போனால் ஜீப் சேற்றில் மாட்டும். வெடித்த தரையில் நின்று 'நீர் இல்லை, பயன்பாட்டில் இல்லை' என்று எழுதுவோம். சித்திரையில் காயாத குளம் இந்தச் சமவெளியில் எது என்று ஒருவரும் கேட்டதில்லை. நான் எழுதிய அந்த வரியைக் காட்டித்தான் மண்டபத்துக்காரர் அனுமதி வாங்கினார். இன்றும் ஒரு மழைக்கு அங்கே முழங்கால் அளவு தண்ணீர் நிற்கிறது. பேத்தி அதைத்தான் வரைந்தாள்.

எல்லாவற்றையும் ஆசிரியையிடம் சொன்னேன். குளத்தை மீட்கும்படி ஆட்சியருக்கு மனுவும் அங்கேயே எழுதினேன். இணைப்பு ஒன்று, கிராமக் கணக்கு. இணைப்பு இரண்டு, என் தணிக்கைக் குறிப்பு தவறு என்று என் கையொப்பமிட்ட வாக்குமூலம்.

"ஆர்டர் வரட்டும் சார், மார்க்கைப் போட்டுருவோம்" என்றார்.

ஆணை எத்தனை மேசை தாண்டி வரவேண்டும் என்று எனக்குத் தெரியும். ஒவ்வொரு மேசையிலும் அது எத்தனை நாள் தூங்கும் என்றும் தெரியும், தூங்க வைத்தவன்தானே.

"தப்பா எழுதுனது நான். ஆர்டருக்கு நான் காத்துக் கிடக்கேன். அவ மார்க்கை இப்பவே போடுங்க" என்றேன். நாற்காலியிலிருந்து எழவில்லை.

அவர் பெருக்கல் குறியை அடித்துவிட்டு, இரண்டு மதிப்பெண்ணையும் போட்டார். மறுநாள் பேத்தி பள்ளிக்குப் போனாள். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில், எனக்கு எதிராக நானே எழுதிய மனுவோடு வரிசையில் நின்றேன்.