கைதட்டு வாங்கிய பதில்

மருத்துவபீடத்தில் சோறில்லாமல், நித்திரையில்லாமல் இருக்கப் பழகிவிடலாம். "எனக்கு ஏலாமல் இருக்கிறது" என்று சொல்ல மட்டும் ஒருவரும் பழகுவதில்லை. அங்கே படித்துப் பட்டவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

ஆளுக்கொரு மருந்து

சோதனை நெருங்கினால் நான் மாமாங்கக் கோயிலுக்கு ஓடுவேன். எங்கள் பட்ச்சில் படித்த அன்ரன் வாவிக்கரையில் தூண்டில் போடுவான். மீன் பட்டதை ஒருவரும் கண்டதில்லை. என் அறைத்தோழி துஷாந்தி உடுப்புத் தோய்ப்பாள். மருந்தியலில் தவறிய கிழமை, தோய்த்து மடித்ததையே திரும்ப வாளிக்குள் போட்டாள். ஏன் என்று கேட்டேன். "இதெண்டா கழுவினா ஊத்தை போகுதுகா."

ஊருக்கு ஒரு டொக்டர்

மண்டூர்த் திருவிழாவுக்கு அவளோடு அவளூருக்குப் போனேன். தவறியதை அவள் வீட்டில் சொல்லியிருக்கவில்லை. "எங்கட டொக்டர் வந்திட்டா" என்று அவளுடைய அப்பா வீதியில் போனவர்களையெல்லாம் நிறுத்திச் சொன்னார். ஒருவர் வேட்டியை உயர்த்தி முழங்கால் வீக்கத்தைக் காட்டினார். குனிந்து பார்த்த துஷாந்தியின் முகம் வெளிறிப் போயிருந்தது. "புள்ள பாஸாகி வந்திட்டா நான் இனி டவுனுக்கு அலையத் தேவையில்ல" என்றார் முழங்கால்காரர்.

குப்பி

சோதனைக்கு முன் நாங்களே கூடிப் படிப்பதற்குப் பெயர் குப்பி. மனநலப் பாடத்துக்கு ஒருவர் நோயாளியாக நடிக்க, இன்னொருவர் கேள்வி கேட்க வேண்டும். அன்று துஷாந்தி நோயாளி, அன்ரன் டொக்டர்.

"செத்துப்போனா நல்லம் எண்டு யோசிச்சிருக்கிறீங்களா?"

"ஓம். ஒவ்வொரு நாளும்."

"ஆரிட்டயும் சொன்னீங்களா?"

"இல்ல. ஒருத்தரும் கேக்கல்ல."

நல்ல நடிப்பென்று அறையே கை தட்டியது. நானும் தட்டினேன். அன்ரன் பேனையை எடுத்தான். "இன்னொருக்காச் சொல்லு புள்ள, எழுதிக்கொள்றன்."

மெடத்தின் கதவு

எல்லோரும் கை தட்டிச் சிரித்தபோது அவள் மட்டும் சிரிக்கவில்லை என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது. பின்னேரம் உடுப்புக் கொடியடியில் நின்றவளிடம், புத்தகம் இல்லாமல், அதே கேள்வியைக் கேட்டேன். "நான் நடிக்கல்லகா" என்றாள். அவளைத் தனியே விடவில்லை. எங்களுக்கு மனநலம் படிப்பிக்கும் டொக்டர் மெடத்திடம் போவோம் என்றால் மாட்டேன் என்றாள். வைவா என்ற வாய்மொழிச் சோதனையில் எதிரே உட்காரப் போவதும் அதே மெடம்தான். எங்களுக்கு வைத்தியரும் பரீட்சகரும் ஒரே ஆள். கையைப் பிடித்துக் கூட்டிப்போனேன். வாசலில் அழுதுகொண்டு நின்றவளைக் கண்டு மெடம் எழுந்து வந்தார். "இண்டைக்கு நீங்க சொல்றதுக்குப் புள்ளி போடமாட்டன் மகள், உள்ள வாங்க."

மருந்தும் பேச்சுமாகச் சில மாதங்கள் போயின. அப்பாவிடமும் அவளே சொன்னாள். இன்று என்னோடு ஒரே வார்ட்டில் வேலை செய்கிறாள்.

எலும்பு, நரம்பு எல்லாவற்றையும் பெயர் சொல்லிக் கூப்பிடத் தெரிந்த எங்களுக்கு, பக்கத்துக் கட்டிலில் கிடப்பவளிடம் ஒரு கேள்வி கேட்கத்தான் குப்பி வைக்க வேண்டியிருந்தது.