ஊட்டியிலிருந்து வந்த ஏழாவது அட்டை

கல்யாணமான நாலாவது மாதமே எங்களுக்குள் சண்டை வந்தது. நான் திண்டிவனத்தில் ஒரு விவசாயப் பண்ணையில் வானிலை குறிக்கும் வேலையில் இருந்தேன். அவருக்கு ஊட்டியில் அதே வேலை. யார் மாற்றல் வாங்கிக்கொண்டு யார் ஊருக்குப் போவது? நான் பிடிவாதக்காரி, அவரும் லேசுப்பட்டவர் இல்லை. கடைசியில் கடிதத்திலேயே பந்தயம் கட்டினோம். தை மாதத்தில் ஒரு வாரம். எந்த ஊரில் வெயில் அதிக நேரம் அடிக்கிறதோ, அந்த ஊரில்தான் குடித்தனம்.

திண்டிவனத்துக்காரியிடம் வெயில் பந்தயமா! உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன்.

இரண்டு இடத்திலும் மேடைமேல் ஒரு கண்ணாடிக் குண்டு இருக்கும். அதன் வழியாக விழும் வெயில், பின்னால் செருகிய அட்டையில் கோடாகச் சுட்டுக்கொண்டே போகும். மேகம் மறைத்தால் கோடு அறுந்துவிடும். நாளுக்கு ஒன்றாக அந்த ஏழு நாள் அட்டைகளையும் ஒருவருக்கொருவர் தபாலில் அனுப்பிப் பார்த்துவிட்டுத் திருப்பிவிடுவதாக ஏற்பாடு.

நான் கவரில் போடுவதைப் பார்த்து, மல்லாட்டைக்கு, அதாவது வேர்க்கடலைக்கு, களை வெட்ட வந்த அக்கா கேட்டாள்:

"இன்னாம்மா, வெயிலைக்கூடவா தபால்ல அனுப்பிக்கினு இருக்கீங்க?"

"எங்க வீட்டுக்காரருக்குக்கா."

"அதுக்கு நீங்களே ஜல்தியா பஸ் ஏறிடலாமே!"

அவர் அட்டைகள் வந்தபோது என் சிரிப்பு அடங்கியது. இங்கே தை மாதத்தில் எட்டரை மணிவரை பனிமூட்டம். அட்டையில் ஒரு பொட்டுகூட விழாது. அங்கே புல்லெல்லாம் உறைபனி, ஆனால் வானம் துடைத்துவிட்ட மாதிரி. மலை உயரத்தில் தூசியும் ஈரமும் குறைவு என்பதால் வெயில் சில இடங்களில் அட்டையை ஓட்டையே போட்டிருந்தது. குளிர்கிற ஊரில் வெயில் குறைவு என்று நானும் எல்லோரையும் போலத் தப்பாகத்தான் நினைத்திருந்தேன். நல்லவேளை, பிற்பகல் மேகம் அவர் கோட்டை அறுத்துவைத்தது. ஆறு அட்டைவரை நான்தான் முன்னே. ஏழாவதில் அவர் முந்திவிட்டார்.

ஆனால் அந்த ஏழாவதில் கோடு முனைக்கு முனை ஒரே கருப்பு. சூரியன் அப்படிச் சுடவே சுடாது; காலையில் மெலிசாகத் தொடங்கி, சாயங்காலம் மெலிசாகத்தான் முடியும். மூக்கருகே கொண்டுபோனேன். சந்தன ஊதுவத்தி வாசனை.

ஏமாற்றுக்காரர்! அசலை ஆபீஸில் வைத்துவிட்டு, வேறொரு அட்டையை ஊதுவத்தியால் சுட்டு அனுப்பியிருக்கிறார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பிறகு, அந்தக் குளிரில் உட்கார்ந்து அவர் அங்குலம் அங்குலமாகச் சுடுவதை நினைத்துப் பார்த்தேன். தனியாக இருக்க முடியவில்லை என்று ஒரு கடிதத்திலும் எழுதாத மனிதர். அழுகை வந்துவிட்டது.

'நீங்கள்தான் ஜெயித்தீர்கள்' என்று எழுதிப் போட்டுவிட்டு, ஊட்டிக்கு மாற்றல் கேட்டு அன்றைக்கே மனுக் கொடுத்தேன்.