நாக்கக்காவின் கற்காலம்

பிஸ்கட் தொழிற்சாலையில் அவளை எல்லோரும் நாக்கக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் உயிரோடு இருந்தது. அடுப்பை விட்டு வெளியே வரும் ஒவ்வொரு ஈட்டிலிருந்தும் ஒரு பிஸ்கட் அவள் மேசைக்கு வரும். கடிப்பாள், மெல்லுவாள், நாக்கில் ஒரு சுற்று உருட்டுவாள். தலையாட்டினால் சரக்கு பெட்டிக்குப் போகும். முகம் சுளித்தால் பெல்ட் நிற்கும். மேனேஜர் நிறுத்தச் சொன்னால்கூட ஏன் எதற்கு என்று இரண்டு பேர் கேட்பார்கள். நாக்கக்கா நிறுத்தினால் யாரும் வாயைத் திறப்பதில்லை.

ருசி பார்க்கிறவர்கள் மென்றதைத் துப்பிவிட வேண்டும் என்பது அந்த வேலையின் விதி. அதற்கென்றே மேசைக்குப் பக்கத்தில் ஒரு வாஷ்பேசின் இருந்தது. வாய் கொப்பளிக்க ஃபிளாஸ்கில் வெதுவெதுப்பான தண்ணீர். சுமாரான சரக்கை அவள் விதிப்படி துப்பினாள். நன்றாக இருந்ததைத் துப்ப மனம் வரவில்லை. அங்கே பெரும்பாலும் நன்றாகத்தான் செய்தார்கள். வருடக்கணக்கில் விழுங்கியதெல்லாம் இடுப்பில் போய் உட்கார்ந்தது. இடுப்பு போய் முழங்காலின் மேல் உட்கார்ந்தது.

அவள் அறை மாடியில். கீழே அடுப்பும் பெல்ட்டும் தெரிய கண்ணாடிச் சுவர் வைத்த அறை. அதற்கு இரும்புப் படி ஏற வேண்டும். ஒரு படிக்கு இரண்டு காலையும் வைத்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு, நடை பழகும் குழந்தை மாதிரி ஏறினாள். மூட்டு வலிக்கு யாரும் ஐயோ பாவம் என்பதால் ஒன்றும் குறைவதில்லை. மருத்துவர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டி, எடையைக் குறைத்தால் கால் பிழைக்கும், இல்லாவிட்டால் கத்தி வைக்கும்படி ஆகும் என்றார். இரத்தத்தில் சர்க்கரை வேறு எல்லைக்கோட்டில் நின்றுகொண்டு உள்ளே வரலாமா என்று கேட்டுக்கொண்டிருந்தது. அவள் மாத்திரை கேட்டாள். அவர் வாயைக் கட்டச் சொன்னார்.

விஷயம் மகள் வழியாக மாப்பிள்ளையின் காதுக்குப் போனது. மாப்பிள்ளை மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருந்தார். அவர் அப்போதுதான் பேலியோ சாப்பாட்டில் இறங்கி, இடுப்பு வாரில் இரண்டு ஓட்டை உள்ளே போயிருந்தார். புதிதாகக் கார் வாங்கியவர் கண்ணில் பட்டவர்களை எல்லாம் ஏற்றிக்கொண்டு ஒரு சுற்றுப் போகத் துடிப்பாரே, அந்த நிலைமை. ஞாயிற்றுக்கிழமை வந்து நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு விளக்கினார். கற்கால மனிதன் எதைத் தின்றானோ அதை மட்டும் தின்ன வேண்டும். கறி, மீன், முட்டை, காய்கறி, கொட்டைகள், கொஞ்சம் பழம். அரிசி, கோதுமை, பருப்பு, பால், சர்க்கரை எல்லாம் நேற்று வந்த சாமான். அவற்றுக்கு நம் உடம்பு இன்னும் பழகவே இல்லை.

வேறு யாராவது இதைச் சொல்லியிருந்தால், போய் வேலையைப் பார் என்றிருப்பாள். மாப்பிள்ளையிடம் அப்படிச் சொல்ல முடியுமா? "சரிங்க மாப்பிள்ளை" என்று சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் எதற்குச் சரி சொன்னோம் என்று உறைத்தது. மகள் அம்மாவின் பக்கம் திரும்பவே இல்லை. அவள் ஏற்கெனவே அந்தக் குகையில் குடியிருக்கிறவள்.

நாக்கக்காவின் வீட்டுக்காரர் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் சமையல் இப்போது அவர் கையில். அவர் மட்டும் ஒரு சந்தேகம் கேட்டார்.

"ஏன் மாப்பிள்ளை, அந்தக் கற்கால ஆளு எத்தனை வயசு வரைக்கும் இருந்தான்?"

மாப்பிள்ளை, அந்தக் காலத்துக் காய்ச்சல், காட்டு மிருகம் என்று ஏதேதோ கணக்குச் சொல்லி, சராசரியாக முப்பது, முப்பத்தைந்து என்று இழுத்தார்.

"அப்ப இவ அவனுக்கு அம்மா வயசு. அவன்கிட்ட போயி இப்ப சாப்பிடக் கத்துக்கணுமா?"

அடுத்து, பிஸ்கட் கடித்துப் பிழைக்கிறவள் பிஸ்கட்டை எப்படி விடுவது என்ற பேச்சு வந்தது. மாப்பிள்ளை கொஞ்ச நேரம் கண்ணை மூடி யோசித்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்: "துப்பினா கணக்கில்ல, அத்தை."

முதல் வாரம் தலைவலி. மண்டைக்குள் யாரோ கல்லாயுதம் தீட்டினார்கள். அதைவிட மோசம் மலச்சிக்கல். பேலியோவைப் புகழ்கிறவர்கள் வாயில் அந்தச் சொல் மட்டும் வராது. தண்ணீரும் கீரையும் கூட்டிய பிறகு வழிக்கு வந்தது. கோபம் மட்டும் கொஞ்ச நாள் தங்கியது. பெல்ட் சூப்பர்வைசர் காலை வணக்கம் சொன்னதற்கு, அதற்கென்ன இப்போது என்று கேட்டுவிட்டாள். வீட்டுக்காரர் பாதாமை டிக்கெட் கொடுக்கிற மாதிரி எண்ணிக் கையில் வைத்தார். கூட ஒன்று கேட்டால், சில்லறை இல்லை என்றார். அவர் தன் ஜாம் தடவிய ரொட்டியைப் பின்வாசலில் நின்று தின்றார். குகைக்கு வெளியே தின்றால் குற்றமில்லை என்பது அவர் கட்சி. ஜாம் வாசனை மட்டும் குகைக்குள் வந்து போய்க்கொண்டிருந்தது.

இத்தனை கூத்துக்கும் பலன் இருந்தது. ஒருநாள் காலை மாடிக்கு ஏறி, கதவைத் திறந்து, உட்கார்ந்த பிறகுதான் கம்பியைப் பிடிக்காமலே வந்திருக்கிறோம் என்று தெரிந்தது. எழுந்து போய், கீழே இறங்கி, மறுபடி ஒரு தடவை ஏறிப் பார்த்தாள். எதையோ மறந்துவிட்டு எடுக்கப் போனதாகச் சூப்பர்வைசர் நினைத்துக்கொண்டார். வெள்ளைக் கோட்டின் பொத்தான்கள் மூச்சுவிட்டன. கத்தி வைக்கிற பேச்சை மருத்துவர் தள்ளி வைத்தார்.

அந்த வாரம்தான் பால் பிஸ்கட் தித்தித்தது.

சாதாரணத் தித்திப்பு இல்லை. பல் கூசியது. நாக்கக்கா பெல்ட்டை நிறுத்தினாள். கருவிகளை வைத்து அளந்து பார்க்கிற லேப் மேடம் பக்கத்து மேசைக்காரி. அவள் இரண்டு தடவை அளந்துவிட்டு, சர்க்கரை நூல் பிசகாமல் இருக்கிறது என்றாள்.

"கருவி சரியா இருக்குன்னு சொல்லுதுக்கா."

"உன் கருவி எத்தனை பிஸ்கட் தின்னுருக்கு?"

அந்த நாக்கை எதிர்த்து ஜெயித்தவர்கள் அங்கே கிடையாது. மாவு பிசையும் பிரிவில் சர்க்கரையைக் குறைத்தார்கள். மறுநாளும் தித்தித்தது. இன்னும் குறைத்தார்கள். மூன்றாவது தடவை குறைத்தபோது பிஸ்கட் அருமையாக வந்தது. அவளே துப்ப மறந்துவிடப் பார்த்தாள்.

அருமையான பிஸ்கட் லாரியில் போனது. அதே லாரியில் திரும்பி வந்தது. ஒரு கடைக்காரர் போனில், இது நோயாளிக்கா நாய்க்குட்டிக்கா என்று வாடிக்கையாளர்கள் கேட்பதாகச் சொன்னார். இன்னொருவர் அட்டைப்பெட்டியையும் பிஸ்கட்டையும் மாற்றி அடைத்துவிட்டீர்களோ என்று விசாரித்தார். மேனேஜர் நாக்கக்காவைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். அவர் உட்காரச் சொன்னாலே விவகாரம் பெரிது என்று அர்த்தம். சர்க்கரை சரியா, உங்கள் நாக்கு சரியா என்று திங்கட்கிழமைக்குள் யோசித்துச் சொல்லுங்கள், இப்படியே போனால் அந்த மேசைக்கு வேறு ஆள் பார்க்க வேண்டியிருக்கும் என்றார். அக்கா அக்கா என்று மரியாதையாகத்தான் சொன்னார். அந்த மேசையை விட்டால் அவளுக்குத் தெரிந்த வேலை வேறு எதுவும் இல்லை.

வீட்டுக்கு வந்தபோது கொதித்துக்கொண்டுதான் வந்தாள். மாவு பிசைகிறவர்கள் சரியில்லை, கருவி சரியில்லை, கடைக்காரர்களுக்கு ருசி தெரியாது. வீட்டுக்காரர் கறியோடு கேரட்டைச் சுட்டு வைத்திருந்தார். ஒரு துண்டு வாயில் போட்டவள் தட்டைத் தள்ளிவிட்டாள்.

"கேரட்ல எதுக்குச் சக்கரை போட்டீங்க?"

"நான் எங்கே போட்டேன்?"

"பொய் சொல்லாதீங்க. பாகுல போட்டு எடுத்த மாதிரி இருக்கு."

அவர் வாதாடவில்லை. கூடையிலிருந்து ஒரு பச்சைக் கேரட்டை எடுத்து, அவள் கண் முன்னால் கழுவி, நறுக்கிக் கையில் கொடுத்தார். மென்றாள். அதுவும் பாகு. வெங்காயத்தை உரித்துக் கடித்துப் பார்த்தாள். கண்ணில் நீர் வந்தது. நாக்கில் தித்திப்பு வந்தது. வீட்டுக்காரர் வெங்காயத் தோலைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். தப்பான பஸ்ஸில் ஏறிவிட்டோம் என்று பயணிக்குத் தெரிய வருகிற நேரம் எது, அப்போது பக்கத்தில் நின்று பேசக்கூடாது என்பது கண்டக்டருக்குத் தெரியும்.

பிறகு மெதுவாகக் கேட்டார். "பெல்ட்டை எத்தனை தடவை நிறுத்தினே?"

"கேக்காதீங்க."

வழி ஒன்று பளிச்சென்று இருந்தது. ஜாம் ரொட்டிக்குத் திரும்பினால் நாக்கு திரும்பி வந்துவிடும். முழங்காலும் பழையபடி ஆகிவிடும். நாக்கு வேண்டுமா கால் வேண்டுமா என்று ஒரு மனுஷியைக் கேட்டால் அவள் என்ன சொல்வாள்? சனிக்கிழமை முழுக்க இரண்டையும் மாற்றி மாற்றி யோசித்தாள். ரொட்டியை எடுத்து ஜாம் தடவினாள். படியை நினைத்துப் பார்த்தாள். ரொட்டியை வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிட்டாள். அவர் அன்று உள்ளே நின்றே தின்றார்.

ஞாயிறு மாப்பிள்ளை வந்தார். விஷயத்தைக் கேட்டதும் அவருக்கு முகமெல்லாம் பூரிப்பு. நாக்கு சுத்தமாகிவிட்டது, இதற்குத்தான் இத்தனை பாடு, கைதட்ட வேண்டிய சங்கதி என்றார். இத்தனை வருடத்தில் அவரை அவள் எதிர்த்துப் பேசியது அன்றைக்குத்தான்.

"சுத்தமான நாக்கை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது மாப்பிள்ளை? பிஸ்கட் வாங்க வர்றவங்க எல்லாம் அழுக்கு நாக்கோடதானே வர்றாங்க."

சமையலறையிலிருந்து மகள் சிரிக்கிற சத்தம் கேட்டது. மாப்பிள்ளை கொஞ்சம் குழம்பிப்போய், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது பவர் இல்லாத கண்ணாடி, கடைக்காரர் என்பதற்காகப் போட்டுக்கொள்வது. ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டுமே என்று தனக்குத் தெரிந்ததைச் சொன்னார்.

"என் கண்ணுல பவர் எதுவும் கிடையாது, அத்தை. அதுக்காக எனக்குத் தெரியுதான்னு பாத்துட்டு, வர்றவங்களுக்குக் கண்ணாடி மாட்டி விட முடியுமா? அவங்களை உக்கார வச்சு, எழுத்து தெரியுதான்னு அவங்களைத்தானே கேக்கறேன்."

சொல்லிவிட்டு அவர் முட்டை இருக்கிறதா என்று கேட்டார். நாக்கக்கா எழுந்திருக்கவில்லை. அவர் சொன்னதை ஒரு சுற்று உருட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு அவருக்கு முட்டையை மாமனார்தான் அவித்துக் கொடுத்தார்.

திங்கட்கிழமை மேனேஜர் வாதாடத் தயாராக உட்கார்ந்திருந்தார். நாக்கக்கா, சர்க்கரைதான் சரி, என் நாக்கு விலகிப் போய்விட்டது, மூன்று ஈடு என்னால் வீணானது என்று எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிட்டாள். அவளே தொடர்ந்தாள். கருகல், நமுத்தது, கொழுப்பு காறியது, இதெல்லாம் முன்னைவிட இப்போது நன்றாகத் தெரிகிறது. அது என்னிடம் இருக்கட்டும். தித்திப்பை மட்டும் தின்கிறவர்களிடம் கேட்போம். வாசலில் லாரிக்காரர்கள் சரக்குக்காகக் காத்துக்கிடக்கிறார்கள், தினம் இரண்டு பேரை மேலே அனுப்புங்கள். போகிறவன் வருகிறவனை எல்லாம் கேட்டுத் தொழிற்சாலை நடத்த முடியுமா என்றார் மேனேஜர்.

"என் ஒருத்தி நாக்கைக் கேட்டு நடத்தினீங்களே சார், அது மட்டும் என்ன கணக்கு?"

கொஞ்ச நாள் பார்க்கலாம் என்று ஒத்துக்கொண்டார். ஆனால் தித்திப்புக்காகப் பெல்ட்டை நிறுத்தும் உரிமை இனி லேப் மேடத்துக்கு என்று ஒரு முடிச்சும் போட்டார். அது சுருக்கென்று தைத்தது. தைத்ததை வெளியே காட்டாமல் மாடிக்கு ஏறினாள்.

முதல் நாள் வந்த இருவரும் ஸ்டூலின் நுனியில் உட்கார்ந்தார்கள். ஒருவர் மீசைக்காரர், இன்னொருவர் தொப்பிக்காரர். சர்க்கரை குறைந்த பிஸ்கட்டைக் கொடுத்தாள். நல்லாருக்கு என்றார்கள். சரியான பிஸ்கட்டைக் கொடுத்தாள். அதையும் நல்லாருக்கு என்றார்கள். இனாமாகக் கொடுத்தால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். படுக்கையில் கிடப்பவர்களுக்கு ஊட்டிவிட்டவர்களுக்கு இது தெரியும்: வாய் சொல்வதை விட்டுவிட்டு முகத்தைப் பார்க்க வேண்டும். நாக்கக்கா கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டு, கை எந்தத் தட்டுக்கு இரண்டாம் தடவை போகிறது என்று பார்த்தாள். சரியான தட்டுக்குத்தான் போனது. லேப் மேடம் அளந்து வைத்திருந்ததும் அதைத்தான்.

மீசைக்காரர் சுற்றுமுற்றும் பார்த்தார். "டீ இல்லையாக்கா?"

ஃபிளாஸ்கைக் காட்டி, இங்கே வெந்நீர்தான் என்றாள். அவர் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"பிஸ்கட்டை யாருக்கா தண்ணியில சாப்பிடறாங்க?"

அவள் இவ்வளவு காலமும் தண்ணீரில்தான் சாப்பிட்டிருந்தாள். அந்த வாரமே ஒரு கெட்டில் வந்தது. அவர்கள் இருவரும் மறுபடி வந்தபோது டீயை அவளே ஊற்றிக் கொடுத்தாள், அவளுக்கு வாசனையோடு சரி. மீசைக்காரர் பிஸ்கட்டை டீயில் முக்கி, வாய்க்குக் கொண்டுபோவதற்குள் பாதி உடைந்து கிளாசுக்குள் விழுந்தது. தொப்பிக்காரருக்கும் அதே கதி. நாக்கக்கா எழுந்துவிட்டாள்.

"எப்பவுமே இப்படி விழுமா?"

"எப்பவும்தான்."

அவளும் லேப் மேடமும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நாக்குக்கும் தெரியாத, கருவிக்கும் தெரியாத ஒரு குறை ஊரெல்லாம் கிளாஸ் கிளாசாக விழுந்துகொண்டிருந்திருக்கிறது. மாவு பிசைகிறவர்களிடம் பிஸ்கட்டை இறுக்கமாக்கச் சொல்ல வேண்டும் என்று அவள் கதவுப் பக்கம் நடந்தாள். மீசைக்காரர் ஸ்பூனால் கிளாசின் அடியைத் துழாவிக்கொண்டே கூப்பிட்டார்.

"அக்கா, அதை மட்டும் சரி பண்ணிடாதீங்க. டீ முடிஞ்சதும் அடியில கிடக்குமே, அதுக்காகத்தான் நாங்க முக்கறதே."

தொப்பிக்காரர் வாய் நிறைய இருந்ததால் தலையை மட்டும் ஆட்டினார். ஸ்பூன் ஒன்றுதான் இருந்தது. அவர் அதற்காகக் காத்திருந்தார்.

நாக்கக்கா திரும்பி வந்து உட்கார்ந்தாள். இதைக் குறை என்று எழுதுவதா நிறை என்று எழுதுவதா என்று லேப் மேடம் பேனாவோடு கேட்டாள். ஸ்பூன் இன்னும் இரண்டு வேண்டும் என்று மேனேஜருக்கு எழுது என்றாள் நாக்கக்கா.