சிலுவையின் பேரில் ஒரு டப்பா

சளியைத் துப்பித் தரச் சொல்லி டப்பாவை நீட்டுவதுதான் ரீனாவின் வேலை. காசநோயைக் கண்டுபிடிக்கும் புதுக் கருவியொன்றைச் சோதித்துப் பார்க்கும் ஆராய்ச்சியில், திரேஸ்புரத்துக் கடற்கரைக்கு அவள் களப்பணியாளர். இருமல் விடாதவர்களிடம் சளி வாங்கிக் கருவியில் வைத்துப் பொத்தானை அழுத்துவாள். சிவப்பு எரிந்தால் கிருமி இருக்கிறது என்று அர்த்தம். ஆனால் அதை யாரிடமும் சொல்லக் கூடாது.

"கருவியை நம்பலாமா கூடாதான்னு தெரியத்தான் இந்த ஆராய்ச்சியே. லேப்ல கிருமி வளர்ந்து அதுவும் ஆமான்னு சொல்ற வரைக்கும் நீங்க வாயத் திறக்கக் கூடாது, ரீனா" என்று டாக்டர் அனுஜா தொடக்கத்திலேயே சொல்லியிருந்தார். நியாயமான விதிதான். நியாயமான விதிக்குள் அகப்பட்டவருக்கு யார் மேல் கோபப்படுவது என்றுகூடத் தெரிவதில்லை.

மழை விட்டதிலிருந்து சிலுவைக்கு இருமல். அவனும் ரீனாவின் கணவன் ரெக்ஸும் ஒரே வள்ளத்தில் சங்கு குளிக்கப் போகிறவர்கள். கம்ப்ரசரிலிருந்து காற்று வரும் குழாய் அந்த வள்ளத்தில் ஒன்றுதான். ஒருவன் மேலே வந்து வாயிலிருந்து எடுத்துக் கொடுக்க, அடுத்தவன் அதைக் கடலில் ஒரு முக்கு முக்கி, கடித்துக்கொண்டு இறங்குவான்.

டப்பாவை வாங்கிக்கொண்டு சிலுவை நெளிந்தான்.

"மைனி, ஒங்க முன்னால காறித் துப்பவா? அங்கன திரும்பி நில்லுங்க."

"பெரிய புதுமாப்பிள்ளை வெக்கம்! போலே, வள்ளத்துக்குப் பின்னால போயி துப்பிட்டு வா."

அவள் மறுபக்கம் திரும்பிக்கொண்டாள். வள்ளத்துக்குப் பின்னால் ரெக்ஸ் கயிறு சுருட்டிக்கொண்டிருந்தான். காறும் சத்தம் கேட்டது. டப்பா வந்தது.

மதியம் கருவியில் சிவப்பு எரிந்தது.

அதன் பிறகு ரெக்ஸ் வள்ளம் ஏறும் ஒவ்வொரு காலையிலும் அவள் ஏதாவது சாக்குச் சொல்லித் தடுக்கப் பார்த்தாள். "உடம்பு அசதியா இருக்குன்னு சொல்லி நாலு நாள் வீட்ல இருங்களேன்" என்றாள். "ஏன், சங்கு இங்கன நடந்து வருமாளா?" என்று சிரித்தான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து சாப்பிடும்போது அவளால் அடக்க முடியவில்லை.

"ஏங்க, சிலுவை கடிச்ச குழாய இனிமே கடிக்காதீங்க."

"ஏன்?"

"கேக்காதீங்க. சொன்னா என் வேலை போயிரும்."

ரெக்ஸின் கை சோற்றிலேயே நின்றது. "சிவப்பு எரிஞ்சிச்சா?"

அவள் குழம்புச் சட்டியை மூடி வைத்தாள்.

"ஏளா, அது அவன் சளி இல்ல. என்னோடது."

சீக்கு என்று தெரிந்தால் வள்ளத்தில் ஏற்ற மாட்டார்கள் என்று சிலுவை அழுதிருக்கிறான். தனக்குத்தான் இருமலே இல்லையே, நல்ல சளியாகப் போகட்டும் என்று ரெக்ஸ் துப்பிக் கொடுத்திருக்கிறான். முங்கி எழுகிறவர்களின் தொண்டையில் சளிக்குப் பஞ்சமில்லை.

ரெக்ஸை மட்டும் வேறு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகலாம். அப்படிச் செய்தால், லேப் முடிவு வந்ததும் அவன் சளிக்கான மாத்திரை சிலுவை வீட்டுக்குப் போகும். சளி மாறியதை டாக்டரிடம் சொல்லலாம். சொன்னால், அது எப்படித் தெரிந்தது என்ற கேள்வி வரும். எந்தப் பக்கம் திரும்பினாலும் வழி அவள் வாயில்தான் வந்து நின்றது.

திங்கட்கிழமை டாக்டரிடம் சொல்லிவிட்டாள். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.

"சொன்னது நல்லது. ஆனா முடிவ வெளிய விட்டுட்டீங்க. இனிமே உங்கள இதுல வச்சிருக்க முடியாது."

ரெக்ஸிடம் புதிதாகச் சளி வாங்கி, நெஞ்சுப் படமும் எடுத்து, காசநோய்தான் என்று உறுதிசெய்து மாத்திரை தொடங்கினார்கள். சிலுவையிடம் வேறொரு பணியாளர் புது டப்பாவோடு போனபோது அவன் வீட்டில் இல்லை. விஷயம் காதில் விழுந்ததுமே மணப்பாட்டுப் பக்கம் போய் வேறு வள்ளத்தில் ஏறிவிட்டான். விசாரிக்க வந்த ரீனாவை அவன் மனைவி வாசலிலேயே நிறுத்தினாள்.

"ஒங்க வீட்டுச் சீக்கை எங்க ஆளு பேர்ல எழுதிட்டு, இப்ப அவரத் தேடுதியளா?"

ரீனா வந்த வழியே திரும்பி நடந்தாள். சிலுவையின் பேரில் நோய் இருந்தது. சிலுவைக்கு இருந்ததா என்று இன்னும் யாருக்கும் தெரியாது. அவன் போன் அணைந்தே கிடந்தது. மணப்பாட்டில் யாரிடமாவது சொன்னால் அங்கேயும் அவனைக் கரையில் இறக்கிவிடுவார்கள். சொல்லாவிட்டால்?

வீட்டுக்கு வந்து ரெக்ஸின் தம்ளரைத் தனியாகக் கழுவிக் கவிழ்த்தாள். அந்நேரம் அங்கே சிலுவை நீருக்கு மேலே வந்து, வாயிலிருந்து குழாயை எடுத்து, அடுத்து இறங்கக் காத்திருப்பவனிடம் நீட்டிக்கொண்டிருப்பான்.